நிலம் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு

ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதுகிறவர்கள் குளோப் அரங்கத்தைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. அவ்வரங்கம் ஒரு குத்தகைத் தகராற்றில் பிறந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1576ஆம் ஆண்டு ஜேம்ஸ் பர்பேஜ் என்ற நடிகர், லண்டன் நகர எல்லைக்கு வெளியே ஷோர்டிச் பகுதியில், ஜைல்ஸ் ஆலன் என்பவரிடமிருந்து 21 ஆண்டுக் குத்தகையில் நிலம் பெற்று, 'தியேட்டர்' என்ற பெயரிலேயே ஓர் அரங்கத்தைக் கட்டினார். குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ள ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது. ஆனால் புதிய பத்திரத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆலன் கையொப்பமிட மறுத்துவிட்டார். 1597இல் தவணை முடிந்தது. அதே ஆண்டில் பர்பேஜும் காலமானார். அதன் பின்னும் பேச்சு நடந்தது, பயனில்லை. 1598 டிசம்பர் இறுதியில், ஆலன் ஊரில் இல்லாத வேளையில், பர்பேஜின் மைந்தர்கள் தச்சர்களுடன் சென்று அரங்கத்தைச் சட்டம் சட்டமாகப் பிரித்தெடுத்தனர். அந்த மரங்களே தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1599இல் குளோப் அரங்கமாக எழுந்தன. ஆலன் வழக்குமேல் வழக்காகத் தொடுத்தார். மரங்கள் திரும்பவில்லை.

பர்பேஜ் குடும்பத்தினருக்கு இரண்டு வசதிகள் இருந்தன. கட்டடத்தைப் பிரித்தெடுத்துச் செல்லலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. கட்டடமும் மரத்தால் ஆகியிருந்தது. இவ்விரண்டும் இல்லாத கோடிக்கணக்கான மக்களின் கதையையே இங்கு நாம் பேசப்போகிறோம். செங்கல்லால் கட்டிய வீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க முடியாது. மண்ணோடு பொருந்தியது மண்ணுக்கே உரியது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. நிலத்தின் தவணை முடிந்தால் வீடும் நிலத்தோடு போகும்.

*

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ 'வீட்டை லீசுக்கு எடுத்திருக்கிறோம்' என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, வெளியேறும்போது அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுவது என்று பொருள். நம் முன்னோர் ஒற்றி என்றும் போக்கியம் என்றும் சொன்னதன் நிழல் அது. இங்கிலாந்தின் குத்தகை வீடு முற்றிலும் வேறு. அங்கே வீட்டை ஏறத்தாழ முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள். வங்கிக் கடன், பத்திரப் பதிவு எல்லாம் உண்டு. ஆனால் வாங்கியது வீட்டையன்று; 99 ஆண்டுகளோ 125 ஆண்டுகளோ அவ்வீட்டை அனுபவிக்கும் காலத்தை. நிலவுரிமையாளர் வேறொருவர். அவருக்கு ஆண்டுதோறும் நம்மூரில் அடிமனை வாடகை என்கிறோமே, அதைப் போன்ற ஒரு நிலவாடகையும் செலுத்த வேண்டும். தவணை தீர்ந்தால், தாத்தா விலைகொடுத்து வாங்கிய வீடு பேரனிடமிருந்து ஒரு காசும் தராமல் நிலவுரிமையாளரைச் சேரும். இதைத் தவிர்க்க ஒரு வழி, தவணை தீருமுன் பணம் கொடுத்து அதை நீட்டித்துக்கொள்வது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றும் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் இம்முறையில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை அடுக்ககக் குடியிருப்புகள்.

காலத்தை ஆண்டுக்கணக்கில் அளப்பதே பின்னர் வந்த வழக்கம். இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளில் நெடுங்காலம் உயிர்க்கணக்கில் அளந்தார்கள். பத்திரத்தில் மூன்று பேரின் பெயர்களை எழுதுவார்கள். அம்மூவரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை வீடு குடியிருப்பவருடையது. ஒருவர் இறந்தால், ஒரு தொகை கட்டி வேறொரு பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். இதுவே அக்காலத்துக் குத்தகை நீட்டிப்பு. 1571ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, திருச்சபை நிலங்களை 21 ஆண்டுகளுக்கோ மூன்று உயிர்களுக்கோ மேல் குத்தகைக்கு விடலாகாது என வரையறுத்தது. உயிர்க்கணக்கு அவ்வளவு இயல்பான அளவையாக இருந்திருக்கிறது.

தாமஸ் ஹார்டியின் 'தி உட்லேண்டர்ஸ்' (1887) நாவலைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. கைல்ஸ் வின்டர்போர்னின் வீடுகள், ஜான் சௌத் என்ற முதியவரின் உயிரைப் பற்றி நிற்கின்றன. அம்முதியவரோ சன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் தன்மீது விழுந்துவிடும் என்ற அச்சத்தில் நாளுக்கு நாள் தேய்கிறார். மருத்துவர் சொன்னபடி மரத்தை வெட்டுகிறார்கள். மரம் இல்லாத வெற்றிடத்தைக் கண்ட அதிர்ச்சியிலேயே அவர் உயிர் பிரிகிறது. அத்துடன் கைல்ஸின் வீடுகளும் போகின்றன. வீடற்றவனுக்குக் கிரேஸைத் தர அவள் தந்தைக்கு மனமில்லாமல் போகிறது. ஒரு சிறு தொகை செலுத்திப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அக்குடும்பத்துக்கு இருந்தது என்பதும், அது உரிய காலத்தில் செய்யப்படவில்லை என்பதுமே அதில் நெஞ்சைத் தைக்கும் இடம். ஹார்டியின் உலகில் ஊழ் என்று நாம் படிப்பது பல வேளைகளில் பத்திரத்தின் ஒரு வரியாக இருக்கிறது.

*

நகரத்து நிலங்களின் கதை வேறு வகையானது. 1677இல் மேரி டேவிஸ் என்ற 12 வயதுச் சிறுமிக்கும் செஷயர் பகுதியைச் சேர்ந்த சர் தாமஸ் க்ரோவ்னருக்கும் மணம் நடந்தது. மணமகள் கொண்டுவந்த சீர், லண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 500 ஏக்கர் நிலம். அன்று அது மேய்ச்சல் வெளியும் சதுப்பும். அதன் மீதே பின்னர் மேஃபேரும் பெல்கிரேவியாவும் பிம்லிகோவும் எழுந்தன. க்ரோவ்னர் குடும்பம் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் குடும்பமாயிற்று.

அக்குடும்பமும் அதுபோன்ற பிறவும் நிலத்தை விற்கவில்லை. கட்டுமானம் செய்வோருக்குச் சொற்ப நிலவாடகையில் நீண்ட குத்தகைக்கு விட்டன. வீதி அமைப்பதும் வீடு கட்டுவதும் குத்தகை எடுத்தவர் செலவு. அவர் குத்தகையை வீடுவீடாக விற்று இலாபம் பார்ப்பார். தவணை முடிவில், ஒரு செங்கல்லுக்கும் காசு செலவிடாத நிலவுரிமையாளருக்கு முழு நகர்ப்பகுதியும் வந்து சேரும். பாட்டனார் நட்டால் பேரன் அறுக்கலாம். நட்டதும் நீரூற்றியதும் வேறு யாரோ. ஒரே உரிமையாளர் கையில் இருந்ததால்தான் அந்தச் சதுக்கங்களும் ஒரே சீரான முகப்புகளும் சிதையாமல் நின்றன என்ற வாதமும் உண்டு. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

இ.எம். ஃபார்ஸ்டரின் 'ஹோவர்ட்ஸ் எண்ட்' (1910) இந்த முறையின் மறுபக்கத்தில் நிற்பவர்களைக் காட்டுகிறது. ஷ்லெகல் சகோதரிகள் பிறந்து வளர்ந்த விக்கம் பிளேஸ் வீட்டின் குத்தகை முடியப்போகிறது. நிலவுரிமையாளர் அதை இடித்து அடுக்ககம் கட்டுவார். இச்செய்தியைக் கேட்டுத் திகைப்பவர், தன் சொந்த வீட்டோடு உயிராய் ஒன்றிப்போயிருக்கும் திருமதி வில்காக்ஸ். பிறந்த வீட்டிலிருந்து ஒருவரைப் பிரிப்பது அவருக்கு ஏதோ அறம் பிறழ்ந்த செயலாகவே படுகிறது. நாவலின் மையக் கேள்வி, அந்நாட்டை யார் சுதந்தரிப்பார்கள் என்பது என விமரிசகர்கள் சொல்வதுண்டு. அக்கேள்வியை ஃபார்ஸ்டர் தொடங்கிவைப்பது ஒரு குத்தகைத் தவணையின் முடிவில் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

*

ஷ்லெகல் சகோதரிகளுக்கு வேறு வீடு தேடிக்கொள்ள வசதி இருந்தது. தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு அது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பள்ளத்தாக்குகளில் நிலம் முழுவதும் சில பெருங்குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்கள் விற்க மறுத்தார்கள். தொழிலாளிகள் வாரந்தோறும் சிறுகச் சேர்த்து, கட்டட மன்றங்கள் அமைத்து, 99 ஆண்டுக் குத்தகை மண்ணில் தங்கள் வீடுகளை எழுப்பிக்கொண்டனர். கொள்ளுப்பேரன் காலத்தைப் பற்றி அன்று யார் நினைத்திருப்பார்கள்?

சிலர் நினைத்தார்கள். 1884இல் ஹென்றி பிராட்ஹர்ஸ்ட் என்ற தொழிற்சங்கத் தலைவர், குத்தகைதாரர் நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கோரி நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. நகர நிலங்களைப் பற்றி ஆராய 1886இல் அமைந்த தெரிவுக்குழு ஆண்டுக்கணக்கில் சாட்சியம் கேட்டது, கேட்டதோடு சரி. நிலவுரிமையாளர்கள் நிறைந்த ஓர் அவையில் வேறென்ன நடக்கும்?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்த 99 ஆண்டுகள் ஒவ்வொரு வீதியாக முடியத் தொடங்கின. 1951இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டம், தவணை முடிந்தாலும் குடியிருப்பவர் வாடகைதாரராகத் தொடரலாம் என்றது. அதாவது, தன் பாட்டன் கட்டிய வீட்டில் வாடகை கொடுத்து இருக்கலாம். இந்தக் கருணையை வேல்ஸ் ஏற்கவில்லை.

ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு 1966இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒரு நேரான கொள்கையை முன்வைத்தது. நியாயப்படி நிலம் நிலவுரிமையாளருடையது. நியாயப்படி வீடு அதில் குடியிருக்கும் குத்தகைதாரருடையது. மண்ணோடு பொருந்தியது மண்ணுக்கே என்ற பழைய கொள்கையை இது தலைகீழாக்கியது. 1967ஆம் ஆண்டுக் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையில் குறைந்த நிலவாடகைக்கு, ஐந்தாண்டு குடியிருந்தவர்களுக்கு இரண்டு உரிமைகளை அளித்தது: நிலத்தையே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அல்லது தவணையை 50 ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளலாம். வாங்கும் விலையில் வீட்டின் மதிப்பு சேராது. மண்ணின் மதிப்பு மட்டுமே.

வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் குடும்பத்தின் அறங்காவலர்கள் இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றனர். பெல்கிரேவியாவில் ஏறத்தாழ 80 வீடுகளை இச்சட்டத்தால் இழந்தது, சொத்துரிமைப் பறிப்பு என்பது அவர்கள் வழக்கு. சுரங்கத் தொழிலாளிக்காக வந்த சட்டத்தைப் பெல்கிரேவியாவின் செல்வர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அவ்வழக்கின் வலுவான பகுதி. 1986 பிப்ரவரியில் நீதிமன்றம் ஏற்கவில்லை. சமூக அநீதி என்று ஒரு நாடாளுமன்றம் கருதுவதைக் களைவது பொதுநலனே. ஒருவரிடமிருந்து சொத்து மற்றொரு தனியாரிடம் செல்வதாலேயே அது பொதுநலன் அல்லாததாகிவிடாது என்றது தீர்ப்பு.

*

1967ஆம் ஆண்டுச் சட்டம் தனிவீடுகளுக்கு மட்டுமே. அடுக்ககத்தில் குடியிருந்தவர்கள் 1993 வரை காத்திருந்தார்கள். அவ்வாண்டில் சட்டம் இயற்றியது கன்சர்வேடிவ் அரசு. அதைக் கண்டித்து அன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் அக்கட்சியிலிருந்தே விலகினார். எஞ்சியுள்ள தவணையோடு 90 ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையும், அதன் பின் நிலவாடகை ஒரு மிளகு மணி என்ற விதியும் அச்சட்டத்தில் வந்தன.

மிளகு மணி என்பது உவமையன்று. ஆங்கிலச் சட்ட வழக்கில், வாடகை இல்லை என்பதற்கு ஒரு மிளகு வாடகை என்றே எழுதுவார்கள். இடைக்கால ஐரோப்பாவில் மிளகு பொன்னுக்கு நிகரான பண்டம். நிலத்துக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு எடை மிளகு என்று வாடகை வாங்கியதும் உண்டு. மிளகு மலிந்த பின் அது பெயரளவு வாடகைக்கு அடையாளமாய்ச் சுருங்கியது. முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் மிளகை நாடி வந்த செய்தி அகநானூற்றில் உள்ளது. நம் மேற்கு மலைச்சரிவின் கொடியில் காய்த்த ஒன்று லண்டன் குத்தகைப் பத்திரத்தில் போய் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

வாடகை மிளகாகலாம், நீட்டிப்புக்குத் தர வேண்டிய தொகை மிளகன்று. கணக்கு இப்படி. தவணை முடியும் நாளில் நிலவுரிமையாளருக்கு வீடு கிடைக்கும். அந்த எதிர்காலச் சொத்தின் இன்றைய மதிப்பு என்ன? 2006இல் ஸ்போர்டெல்லி வழக்கில் நிலத் தீர்ப்பாயம் அடுக்ககங்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்துக்கொண்டு வரவேண்டும் என்று வகுத்தது. 3,00,000 பவுண்டு பெறுமானமுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தவணை 99 ஆண்டுகள் எஞ்சியிருந்தால் அந்த மதிப்பு ஏறத்தாழ 2,400 பவுண்டு. 60 ஆண்டுகள் எஞ்சியிருந்தால் 16,000. 30 ஆண்டுகள் என்றால் 69,000. பத்தே ஆண்டுகள் என்றால் 1,84,000. கூட்டுவட்டி குட்டி போடுவதைப் போலக் காலம் கரையக் கரையத் தொகை பெருகும். வீட்டில் இருப்பவர் ஒன்றும் செய்யாமல் உறங்கினாலும் அவர் சொத்து ஒவ்வோர் இரவும் சிறிது நிலவுரிமையாளர் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மேல் 'மண மதிப்பு' என்று ஒன்று. குத்தகையும் நிலவுரிமையும் தனித்தனியே இருக்கும்போது உள்ள மதிப்பைவிட, இரண்டும் சேரும்போது மதிப்பு கூடுகிறதல்லவா. அந்தக் கூடுதலுக்குத்தான் இப்பெயர். நம் எடுத்துக்காட்டு வீட்டில் 60 ஆண்டு எஞ்சிய குத்தகை 2,40,000 பவுண்டுக்கு விலைபோகும் என்று வைத்துக்கொள்வோம். நிலவுரிமையாளர் பங்கு 16,000. இரண்டும் சேர்ந்து 2,56,000. நீட்டித்த பின் வீடு 3,00,000. கூடுதல் 44,000, அதில் பாதி, 22,000, நிலவுரிமையாளருக்கு. ஆக, எஞ்சிய நிலவாடகைக்கான ஈடு தவிர்த்து, குத்தகைதாரர் கொடுக்க வேண்டியது 38,000 பவுண்டு. இரு தரப்பின் மதிப்பீட்டாளர், வழக்கறிஞர் செலவுகள் தனி. எஞ்சிய காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் மண மதிப்பு கிடையாது என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. அன்று முதல் இங்கிலாந்தின் அடுக்ககவாசிகளுக்கு 80 என்பது அச்சுறுத்தும் எண். 81ஆம் ஆண்டில் விழித்துக்கொண்டவர் தப்பினார். விழிக்காதவர் கைல்ஸ் வின்டர்போர்ன் ஆனார்.

மேரி டேவிஸின் மணம் தந்த நிலத்தில் மண மதிப்பும் கேட்கிறார்கள் என்று ஒரு கசப்பான சிரிப்பு இங்கே நமக்கு வரக்கூடும்.

*

2010களில் இந்த முறை புது வேடம் பூண்டது. அடுக்ககத்துக்குக் குத்தகை ஏன் என்றால் பொதுச்சுவர், பொதுக்கூரை என்று ஒரு காரணம் சொல்லலாம். தனித்தனியே நிற்கும் புதுவீடுகளையும் கட்டுமான நிறுவனங்கள் குத்தகையாக விற்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நிலவாடகை என்ற வாசகம் பல பத்திரங்களில் இருந்தது. 250 பவுண்டில் தொடங்கினால் ஐம்பதாவது ஆண்டில் அது 8,000. அத்தகைய வீட்டை விற்க முடியாது; அதன்மீது கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. நிலவாடகை உரிமையோ கைமாறிக் கைமாறி முதலீட்டு நிறுவனங்களின் ஏட்டில் ஒரு வரியானது. பழைய பிரபுவிடம் முறையிட அவர் மாளிகைக் கதவாவது இருந்தது.

எதிர்ப்பு வலுத்தது. 2022 ஜூன் 30 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான புதிய நீண்ட குத்தகைகளில் மிளகைத் தவிர வேறு நிலவாடகை கூடாது என்றாயிற்று. 2024 மே மாதத்தில் நிறைவேறிய சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பையும், மண மதிப்பின் நீக்கத்தையும் எழுதிவைத்தது. ஆனால் அம்மையப் பிரிவுகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை. விதிகள் வகுக்கப்பட வேண்டியிருந்தன. வீடு வாங்கி இரண்டாண்டு கழித்தே நீட்டிப்புக் கோரலாம் என்றிருந்த காத்திருப்பு மட்டும் 2025 ஜனவரி 31இல் நீங்கியது. நிலவுரிமையாளர்கள் மீண்டும் சொத்துரிமையின் பெயரால் வழக்காட, 2025 அக்டோபரில் லண்டன் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஸ்காட்லாந்தில் 1974ஆம் ஆண்டிலேயே குடியிருப்புகளுக்கு 20 ஆண்டுக்கு மேற்பட்ட புதிய குத்தகை கூடாது என்று விதித்துவிட்டார்கள் என்பதையும் ஒப்புநோக்கலாம். ஒரே தீவில் ஆற்றுக்கு இப்பால் ஒரு நியாயம், அப்பால் ஒரு நியாயம்.

*

இங்கிலாந்துக்கு 1967இல் வந்த அறிவு, அதன் ஆட்சியின் கீழிருந்த சென்னைக்கு 46 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது என்பதை நம் வரலாற்று நூல்கள் அதிகம் சொல்வதில்லை. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். நியாயமான வாடகை கொடுத்துவரும்வரை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களைக் காப்பதே நோக்கம் என்கிறது அதன் முகவுரை. வெளியேற்றினால் கட்டடத்துக்கு ஈடு தரவேண்டும். வெளியேற்றும் வழக்கு வந்தால், நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அந்நிலத்தைத் தனக்கே விற்க ஆணையிடுமாறு குடியிருப்பவர் கோரலாம். மண் ஒருவருடையதாகவும் வீடு மற்றொருவருடையதாகவும் இருக்கலாம் என்பது நம் ஊர்களில் புதிய கருத்தன்று. வெள்ளையரின் சட்டப் புத்தகத்துக்குள் நம் வழக்கம் நுழைந்த அரிய இடங்களுள் இது ஒன்று.

அச்சட்டமும் குறையற்றதன்று. அது ஏற்கெனவே இருந்த குடியிருப்புகளுக்கே பொருந்தியது. அறநிலையங்களின் நிலங்கள் கைநழுவுகின்றன என்ற கவலையில், 1996ஆம் ஆண்டுத் திருத்தம் கோயில் முதலிய சமய நிறுவனங்களின் நிலங்களை அதன் வரம்பிலிருந்து நீக்கியது. நிலவுரிமையாளர் ஒரு டியூக்காக இருக்கும்போது நமக்கு எளிதாகத் தோன்றும் நியாயம், நிலவுரிமையாளர் ஊர்ப்பொதுவான ஒரு கோயிலாக இருக்கும்போது அவ்வளவு எளிதாக இல்லை. தலைமுறைகளாக அடிமனையில் வாழும் குடும்பமும் உண்மை. அந்த வாடகையில் எரிய வேண்டிய விளக்கும் உண்மை.

99 என்று எழுதியவர்கள் அதை முடிவில்லாக் காலமாக நினைத்தே எழுதியிருக்க வேண்டும். முல்லைப் பெரியாற்று ஒப்பந்தத்தில் 1886இல் 999 என்று எழுதியவர்களும் அவ்வாறே. மனிதன் எழுதும் காலம் எதுவும் ஒரு நாள் தீர்ந்தே போகிறது. தீரும் நாளில் வாசலில் நிற்பவர் கையொப்பமிட்டவர் அல்லர். 1966ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை மண்ணுரிமைக்கும் மனையுரிமைக்கும் இடையே ஒரு கோட்டை இழுத்துப் பார்த்தது. அக்கோடு சரியான இடத்தில் விழுந்ததா என்பதை, பெல்கிரேவியாவையும் வேல்ஸ் பள்ளத்தாக்கையும் மயிலாப்பூரின் மாடவீதியையும் சேர்த்து வைத்தே நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.